மருந்துச் செலவுக்கும் கணக்கு வேண்டும்

(சுவாமிமலையில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காவிரிப் பாசனத்து விவசாயிக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. விதைநெல்லுக்கு எவ்வளவு, நாற்றுப் பறித்து நட்டதற்கு எவ்வளவு, உரத்திற்கு எவ்வளவு, அறுவடை இயந்திரத்திற்கு மணிக்கு எவ்வளவு என்று கேட்டால், ஏட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவீர்கள். ஆனால் சென்ற ஓராண்டில் உங்கள் குடும்பம் மருந்துக்கடையில் கொடுத்த பணம் எவ்வளவு என்று கேட்டால், நம்மில் விடை சொல்லக் கூடியவர் மிகச் சிலரே. இந்த ஒரு செலவு மட்டும் கணக்கில் ஏறாமலே கழிந்து போகின்றது. இதனைக் கணக்கில் ஏற்றுவது எப்படி, ஏற்றினால் விளையும் நன்மை யாது, அதில் ஊராட்சியின் பங்கு என்ன என்பனவற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

"நமக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, மருந்துக்குக் கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆதலின் முதலில் அந்த அட்டை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதனைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

காப்பீடு தருவதும் தராததும்

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான உயிர்காக்கும் சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலை மாதத்தில் தொடங்கப் பெற்றது. பின்னர் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அதனோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களே சேரலாம் என்றிருந்த வரம்பு பிற்பாடு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்பது என்பது சிறிய காரியமன்று. இருதய அறுவை சிகிச்சைக்காக நிலத்தை விற்க நேர்ந்த காலம் நம் ஊர்களில் இருந்தது. அந்த நிலையிலிருந்து எத்தனையோ குடும்பங்களை இத்திட்டம் காத்துள்ளது.

எனினும், இத்திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. நோயாளி படுக்கையில் இருக்கும் நாட்களில் அறுவைக்கும், பரிசோதனைக்கும், மருந்துக்கும் சேர்த்துத் தொகுப்பாக ஒரு தொகை மருத்துவமனைக்குச் செலுத்தப்படுகின்றது. வீட்டிலிருந்தபடி மாதந்தோறும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கும், இரத்த அழுத்த மாத்திரைக்கும் கடையில் கொடுக்கும் பணத்தை அது திருப்பித் தராது.

இதனைப் பயிர்க் காப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்தால் காப்பீட்டுத் தொகை வருகின்றது. யூரியா வாங்கிய ரசீதைக் கொண்டுபோய்க் காப்பீட்டு நிறுவனத்திடம் யாரும் நீட்டுவதில்லை. மருத்துவக் காப்பீடும் அத்தகையதே. உடம்பு படுத்துவிட்டால் அது வந்து தாங்கும். படுக்காமல் காக்கின்ற மாத்திரைக்கோ நாமே வழி தேட வேண்டும்.

இந்திய நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுக்கும் பங்கு 2013-14ஆம் ஆண்டில் 64.2 விழுக்காடாக இருந்தது. அரசுகளின் செலவு பெருகியதால் இப்பங்கு 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆயினும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது ரூபாய் இன்னும் குடும்பங்களின் மடியிலிருந்தே போகின்றது என்பதனையும் நாம் கவனித்தல் வேண்டும். படுக்கையில் சேராமல் செய்துகொள்ளும் வைத்தியத்தில் பெரும்பகுதிச் செலவு மருந்துக்கேயாகும்.

பத்துச் சிப்பம் நெல்

இந்தச் செலவு ஏன் நம் கண்ணில் படுவதில்லை? சிறிது சிறிதாகப் போவதனாலேயே. அறுவை சிகிச்சைக்கு ஓர் இலட்சம் என்றால் வீடே கூடி யோசிக்கின்றது. ஓர் அட்டை மாத்திரைக்கு எண்பது ரூபாய் என்றால் யாரும் யோசிப்பதில்லை. மதகில் உடைப்பு எடுத்தால் ஊரே ஓடி வருகின்றது. நண்டு வளை வழியாக இரவெல்லாம் வடியும் நீரை யார் காண்கிறார்கள்?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் தந்தைக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளன. தாய்க்கு இரத்த அழுத்தமும் மூட்டு வலியும் உள்ளன என்று கொள்வோம். இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு மருந்துச் செலவு 28 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 840 ரூபாய். ஆண்டுக்கு 10,080 ரூபாய். இதை நெல்லாக மாற்றிப் பாருங்கள். 2025-26 கொள்முதல் பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பொது ரக நெல்லுக்கு மாநில அரசின் ஊக்கத் தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலை. நாற்பது கிலோ கொண்ட ஒரு சிப்பத்தின் விலை ஆயிரம் ரூபாய். ஆக, அந்த வீட்டிலிருந்து ஆண்டுதோறும் பத்துச் சிப்பம் நெல் மருந்துக்கடைக்குச் சென்று கொண்டிருக்கின்றது. அத்தனையும் வீண் என்று நான் சொல்லவில்லை. அதில் எவ்வளவு அவசியம், எவ்வளவு தவிர்க்கக் கூடியது என்பதைக் கணக்கு எழுதினாலன்றி அறிய முடியாது என்றே சொல்கின்றேன்.

அரசே வைத்திருக்கும் பாஸ்புக்

மருந்துக்குக் கணக்கு வைப்பது புதிய யோசனையன்று. நம் மாநில அரசே அதனை முப்பது ஆண்டுகளாகச் செய்து வருகின்றது. 1994ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வேண்டிய மருந்துகளை அது மொத்தமாக, மூலப்பெயரிலே, ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகின்றது. ஒவ்வொரு தொகுதி மருந்திலும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்பித் தரம் கண்ட பின்னரே கிடங்கிலிருந்து வெளியே விடுகின்றது.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கழகம் ஒரு பாஸ்புக் கொடுத்திருப்பது நமக்குப் பாடமாகத் தக்கது. அந்த ஆண்டுக்கு அம்மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்ட தொகை அதில் குறிக்கப்படுகின்றது. கிடங்கிலிருந்து மருந்து எடுக்குந்தோறும் அதன் மதிப்பு பதியப்பட்டு, மீதி இவ்வளவு என்று கணக்கிடப்படுகின்றது. எந்த மருந்து எவ்வளவு செலவாகின்றது, எது தேங்குகின்றது, எது தீரப் போகின்றது என்பது இதனால் தெரிந்துவிடுகின்றது. இம்முறை பிற மாநிலங்களுக்கும் வழிகாட்டியாயிற்று. இராஜஸ்தான் மாநிலம் 2011இல் இத்தகைய கழகத்தை அமைத்து இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது.

அமெரிக்க நாட்டில் அறுபத்தைந்து வயது கடந்தோருக்கான மெடிகேர் திட்டத்தில் 2006 முதல் மருந்துகளுக்கென்றே தனிக் காப்பீட்டுப் பிரிவு உண்டு. அதில் சேர்ந்தவர் மருந்து வாங்கினால், காப்பீட்டு நிறுவனம் மாதந்தோறும் ஓர் அறிக்கை அனுப்புகின்றது. என்ன மருந்து, மொத்த விலை என்ன, நிறுவனம் கொடுத்தது எவ்வளவு, நோயாளி கொடுத்தது எவ்வளவு, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டுத்தொகை எவ்வளவு என்பன அதில் இருக்கும். 2025 முதல் நோயாளியின் கைச்செலவு ஆண்டுக்கு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அங்கு விதிக்கப்பட்டது. 2026இல் அது 2,100 டாலராயிற்று. அந்த வரம்பின் பயனை ஒருவர் பெறுவதற்கும் கணக்கே ஆதாரமாகும்.

நம் நாட்டில் வெளியே வாங்கும் மருந்துக்கு அத்தகைய அறிக்கையை நமக்கு அனுப்புவார் இல்லை. ஆதலின் மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் இருப்பது போல, வீட்டிற்கும் ஒரு பாஸ்புக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

நோட்டு எழுதும் முறை

இதற்கு நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு பத்திகள் போடுங்கள். முதலாவது தேதி. இரண்டாவது யாருக்கு என்பது. மூன்றாவது மருந்தின் பெயர். நான்காவது அதன் அளவு. அதாவது 5 மில்லிகிராம், 500 மில்லிகிராம் என்பது. ஐந்தாவது எத்தனை மாத்திரை. ஆறாவது கொடுத்த பணம். ஏழாவது எங்கே பெற்றது என்பது: அரசு நிலையத்திலா, காப்பீட்டிலா, கடையிலா என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

மூன்றாவது பத்தியைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று நிறுவனம் வைத்த வணிகப் பெயர். மற்றொன்று உள்ளே இருக்கும் சரக்கின் மூலப்பெயர். நெல்லுக்கு மூட்டையின் மேல் எந்த ஆலையின் முத்திரை இருந்தாலும் உள்ளே இருப்பது இன்ன ரகம் என்று நாம் பார்ப்பதில்லையா? அது போலவே மாத்திரை அட்டையிலும் மூலப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும். நீரிழிவுக்குப் பலருக்கும் எழுதித் தரப்படுவது மெட்ஃபார்மின். இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின். வணிகப் பெயர்கள் பலவாக இருந்தாலும் மூலப்பெயர் ஒன்றே. நோட்டில் மூலப்பெயரையே எழுதுங்கள். ஒரே மருந்தை இரு மருத்துவர்கள் இரு வேறு வணிகப் பெயர்களில் எழுதித் தந்திருந்தால், இரண்டையும் சேர்த்து விழுங்கும் ஆபத்தும் அப்பொழுது வெளிப்படும்.

கடையில் வாங்கினால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதனை நோட்டின் பின்னட்டையில் ஓர் உறையில் இட்டு வையுங்கள். மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டும் அவ்வுறையிலேயே இருக்கட்டும். அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் ஒரு காசும் தர வேண்டியதில்லை. வரியும் அதனுள் அடங்கியதே. பெரும்பாலான மருந்துகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது என்பதனையும் நினைவில் வையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தகப்பனுக்குப் பிள்ளை குருவாக அமர்ந்து உபதேசித்த தலம் நம் சுவாமிமலை. வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளை வாரம் ஒருநாள் அமர்ந்து தாத்தாவின் மாத்திரைக் கணக்கை எழுதட்டும். பிள்ளைக்கும் கணக்குப் பயிற்சி ஆயிற்று. பெரியவருக்கும் மாத்திரை தீர்ந்து போகும் நாள் முன்கூட்டியே தெரிந்ததாயிற்று.

கணக்கு காட்டும் மூன்று கசிவுகள்

மூன்று மாதம் இவ்வாறு எழுதிவிட்டுக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்று இடங்களில் பணம் கசிவது தெரிய வரும்.

முதலாவது, அரசு இலவசமாகத் தருவதைக் காசு கொடுத்து வாங்குவது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய அடிப்படை மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் வாயிலாக இம்மருந்துகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிற்கே கொண்டு வந்து தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. "அரசு மாத்திரைக்கு வீரியமில்லை" என்று சொல்வோர் உண்டு. அம்மாத்திரை கிடங்கிலிருந்து வெளிவருமுன் பரிசோதனைக் கூடத்தைக் கடந்து வருகின்றது என்பதனை முன்னரே கூறினேன். விலை கொடுக்காததனால் ஒரு பொருள் வலிமை குன்றிவிடாது. காவிரித் தண்ணீருக்கு நாம் என்ன விலையா கொடுக்கின்றோம்?

இரண்டாவது, குறைந்த விலையில் கிடைப்பதைக் கூடுதல் விலைக்கு வாங்குவது. அரசு நிலையத்தில் இல்லாத மருந்தை வெளியேதான் வாங்க வேண்டும். அதையும் ஜெனரிக் எனப்படும் மூலப்பெயர் மருந்தாக வாங்கினால் பல மருந்துகள் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மக்கள் மருந்தகங்கள் மத்திய அரசினால் 2008 முதல் திறக்கப்பட்டன. மாநில அரசு 2025 பிப்ரவரி 24ஆம் நாள் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அவற்றுள் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவனவும் உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை: மருந்தை மாற்றுவது நம் விருப்பப்படி செய்யத் தக்கதன்று. நோட்டை மருத்துவரிடம் காட்டி, "இதே மருந்தை மூலப்பெயரில் வாங்கலாமா?" என்று கேட்டுச் சம்மதம் பெற்ற பின்னரே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, காப்பீடு ஏற்க வேண்டிய செலவை நாம் ஏற்பது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் அட்டையின் பேரில் படுக்கையில் சேர்ந்திருக்கும்போது, அந்தச் சிகிச்சைக்கான மருந்தை வெளிக்கடையில் வாங்கி வரச் சொன்னால், "இது தொகுப்பில் அடங்கியதா?" என்று அங்குள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மேசையில் கேட்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் தேசிய விதிகளின்படி, படுக்கையில் சேர்வதற்கு முந்திய 3 நாட்களுக்கும், வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கும் உரிய மருந்தும் தொகுப்பிலே சேரும். ஆகவே வீடு திரும்பும் நாளன்று, "எத்தனை நாளுக்கு மருந்து தருகிறீர்கள்?" என்று கேட்டு, அதனை நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். தவிர்க்க முடியாமல் பணம் கொடுக்க நேர்ந்தால், ரசீதை விட்டுவிடாதீர்கள். இலவசத் தொலைபேசி எண் 1800 425 3993 மூலமாகவோ, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ முறையிடும்போது, வாய்ச்சொல்லைக் காட்டிலும் தேதியிட்ட ரசீதுக்கு வலிமை அதிகம்.

மேலே சொன்ன உதாரணக் குடும்பத்திற்கே திரும்புவோம். மாதச் செலவு 840 ரூபாயில், 410 ரூபாய் மருந்து அரசு நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பதாகத் தெரிய வருகின்றது என்று கொள்வோம். 200 ரூபாய் மருந்து மருத்துவர் சம்மதத்துடன் மூலப்பெயரில் 80 ரூபாய்க்குக் கிடைக்கின்றது. மீதி 230 ரூபாய் மருந்துக்கு மாற்றில்லை. இனி மாதச் செலவு 310 ரூபாய்; ஆண்டுக்கு 3,720 ரூபாய். முன்பு 10,080 ரூபாய். மிச்சம் 6,360 ரூபாய். கடைக்குப் போன பத்துச் சிப்பத்தில் ஆறு சிப்பம் வீட்டிற்குத் திரும்பி வந்துவிட்டது. விதைத்ததும் இல்லை, உழுததும் இல்லை, எழுதியது மட்டுமே!

செலவில்லாத மாதம்

அன்பர்களே, இந்த நோட்டினால் விளையும் பெரும் பயன் பணம் மிச்சமாவது அன்று. அதனினும் முக்கியமான ஒன்றை இப்பொழுது சொல்கின்றேன்.

நம் பகுதியில் கையில் பணம் புழங்கும் மாதங்கள் உண்டு. வறண்ட மாதங்களும் உண்டு. சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் வந்ததும் எல்லாக் கடனும் தீர்கின்றது. புரட்டாசி, ஐப்பசியில் நடவுக்கும் உரத்துக்கும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்து நிற்கின்றோம். அந்த மாதங்களில் முதலில் நிறுத்தப்படுவது எது? கூலியை நிறுத்த முடியாது. பிள்ளையின் பள்ளிச் செலவை நிறுத்த மனம் வராது. பெரியவர் தம்முடைய மாத்திரையை நிறுத்துகின்றார். "இப்போது உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அறுவடைக்குப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்கின்றார். அல்லது இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிக் கொள்கின்றார். வீட்டில் உள்ளவர்களுக்கு இது தெரிவதும் இல்லை.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் வலி காட்டாமல் வளரும் நோய்கள். மாத்திரை நின்ற மாதங்களில் அவை உள்ளே வேலை செய்கின்றன. பின்பு ஒருநாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகம் பழுதாகியோ வெளிப்படுகின்றன. அப்பொழுது காப்பீட்டு அட்டை உதவுகின்றது. மருத்துவமனைப் படுக்கைக்கு அரசு பணம் கட்டுகின்றது. ஆனால் நடக்க முடியாமற் போன கால் திரும்பி வருமா? வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்காகத் தஞ்சைக்கோ கும்பகோணத்திற்கோ சென்று வரும் அலைச்சலுக்கும், துணைக்குப் போகிறவர் இழக்கும் கூலிக்கும் எந்தக் காப்பீடு ஈடு செய்யும்?

நோட்டில் எழுதியிருந்தால், ஐப்பசி மாதப் பக்கம் வெறுமையாக இருப்பது கண்ணில் படும். வயற்கணக்கில் செலவு குறைந்த மாதம் நல்ல மாதம்; மருந்துக் கணக்கிலோ, காரணமின்றிச் செலவு நின்ற மாதமே கவலைக்குரிய மாதம். அந்த வெற்றுப் பக்கத்தைக் கண்டதும், மகனோ மகளோ, "அப்பா, இந்த மாதம் மாத்திரை வாங்கவில்லையே?" என்று கேட்பார்கள் அல்லவா? அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கும்.

இவ்வூர் ஸ்தபதிகள் சிலை வார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெழுகுச் சிலையை முதலில் நிறுத்துப் பார்த்து, அந்த எடையைக் கொண்டே எவ்வளவு உலோகம் வேண்டுமெனக் கணக்கிட்டு உருக்குவார்கள். வார்க்கத் தொடங்கிய பின் உலோகம் போதவில்லை என்று கண்டால் சிலை குறைப்பட்டுவிடும். உடம்புக்கும் இது பொருந்தும். முன்கூட்டி எடை போட்டவனுக்கே நடுவில் குறை வராது. நெல் பணம் வந்த மாதத்திலேயே, வறண்ட மாதங்களின் மருந்துக்கு இவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு ஒதுக்கி வையுங்கள். அந்தக் கணக்கை நோட்டைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

ஊராட்சி செய்ய வேண்டியவை

வீட்டுக் கணக்கு ஊர்க் கணக்காக வளரும்போது அதன் வலிமை பன்மடங்காகின்றது. ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் செய்யத் தக்க நான்கு காரியங்களைச் சொல்கின்றேன்.

ஒன்று, உறுப்பினர் தம் வார்டில் விருப்பமுள்ள பத்து வீடுகளில் இந்த நோட்டைத் தொடங்கி வைக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் வரவு செலவு எழுதுவதில் நல்ல பழக்கமுள்ளவர்கள். அவர்கள் துணையை நாடலாம்.

இரண்டு, மூன்று மாதத்திற்கு ஒருமுறை, மக்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய மருந்துகளுள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டியவை எவை என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஏன் வெளியில் வாங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள். மருந்து இருப்பு இல்லையா? கொடுக்கும் நேரம் வயல் வேலை நேரமாக இருக்கின்றதா? தன்னார்வலர் வரவில்லையா? தூரமா? காரணம் வேறானால் பரிகாரமும் வேறாகும். "எங்கள் ஊரில் மருந்து கிடைப்பதில்லை" என்று பொதுவாகச் சொன்னால் பதிலும் பொதுவாகவே வரும். "இன்ன மருந்து, இன்ன மாதத்தில், பதினான்கு பேருக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தால், வட்டார மருத்துவ அலுவலர் தம் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்து அடுத்த முறை கூடுதலாக எடுக்க வழி உண்டு.

மூன்று, இப்பட்டியலைக் கிராம சபையில் வையுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என 2022இல் வகுக்கப்பட்டது: ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் ஒன்பது கருப்பொருள்களுள் நலமான ஊராட்சியும் ஒன்றாகும். சாலையும் விளக்கும் கேட்கும் தீர்மானத்தோடு மருந்து இருப்பைப் பற்றிய தீர்மானமும் இடம்பெறலாம். காப்பீட்டு அட்டை இல்லாத தகுதியுள்ள குடும்பங்கள் எத்தனை என்பதையும் அப்பொழுதே கணக்கெடுத்து, வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு அட்டை பெற வழிகாட்டலாம்.

நான்கு, இதனை மிகவும் கவனித்துக் கொள்ளுங்கள். ஒருவருடைய நோய் அவருடைய சொந்த விஷயம். இன்னாருக்கு இன்ன நோய் என்று கிராம சபையில் பெயர் சொல்லுதல் ஒருபோதும் கூடாது. பெண்களின் நோய்களையும், மனநலத்திற்கான மருந்துகளையும் பற்றி ஊரில் பேச்செழுந்தால், அவர்கள் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். வீட்டு நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும். ஊராட்சிக்கு வர வேண்டியவை மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே.

முடிவுரை

பெரியோர்களே! காப்பீட்டு அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கின்றோம், அது நல்லதே. அந்த அட்டையை எடுக்க நேராதிருத்தல் அதனினும் நல்லது. அட்டை படுக்கையில் விழுந்தவரைத் தாங்கும். அன்றாட மாத்திரை விழாமற் காக்கும். அந்த மாத்திரை நின்றுபோகாமற் காப்பது இந்த நாற்பது பக்க நோட்டு. மூன்றும் ஒரு வீட்டில் இருக்குமானால் அந்த வீட்டிற்கு உண்மையான காப்பீடு உண்டு என்பேன்.

நாளைக்கே தொடங்குங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு தட்டில் கொட்டி, மூலப்பெயரையும், அளவையும், மீதி எண்ணிக்கையையும் முதற்பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது நோட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மூன்று மாதம் கழித்து, ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தத்தம் வார்டின் பட்டியலோடு வட்டார அலுவலகத்திற்கு வருவார்களென எதிர்பார்க்கின்றேன். அதனை வட்டார மருத்துவ அலுவலரிடம் சேர்த்து, உரிய நடவடிக்கைக்குக் கேட்டுக் கொள்வது எங்கள் கடமையாகும்.